கலங்கலா, கலைத்ததா

நடுராத்திரி தாண்டிய நேரம். ஆள் அரவமில்லாத குவாரிச் சாலை... ஒரே ஒரு விளக்கு. அதன் அடியில் காவலாளி. திருப்பத்தில் ஒரு கார் வந்தது. அவ்வளவுதான். இடித்த இடியில் காவலாளி போய்விட்டான்.

இது வீடியோவில் பதிவானது. பார்த்தவள், இதோ போர்வைக்குள் நடுங்குகிறானே சோடாபுட்டி, இவனுடைய அக்கா. நம்பாதவர்கள் அவனையே கேளுங்கள். மங்கின போட்டோ, ஆடுகிற வீடியோ எது வந்தாலும், அதில் என்ன தெரிகிறது என்று இங்கிலீஷில் எழுதித் தருவது அவள் வேலை. கோர்ட்டில் அந்த எழுத்தைத்தான் படிப்பார்கள். வீடியோவை யார் உட்கார்ந்து பார்ப்பது?

காரை ஓட்டியது குவாரி முதலாளியின் மகன் என்று ஊருக்கே தெரியும். ஜெயிலில் இருப்பதோ அவர்கள் வீட்டு டிரைவர், பிள்ளைகுட்டிக்காரன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அக்காவுக்கு வயிறு எரிந்தது. காவலாளியின் சட்டைப் பொத்தான்கூடப் பளிச்சென்று தெரிந்தது. ஓட்டியவன் முகம் மட்டும் தேய்த்துவிட்டது போல இருந்தது.

‘பிளர்டு’ என்று எழுதினாள். யாரோ கலைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆபீஸ் மேனேஜர் பின்னால் வந்து நின்றார். “பிளரின்னு போடும்மா. தானா கலங்கலா இருக்கு. கேமரா சரியில்ல.”

“கேமரா சரியில்லன்னா முகம் மட்டும் எப்படி சார் கலங்கும்?”

“உனக்கு வாய் நீளம்.”

அவரே குனிந்து மாற்றினார். அந்த முகத்தைக் கலைத்த கையும் அவருடையதுதானே, அவருக்கு எரியாதா?

எழுத்து தானாக ‘பிளர்டு’ ஆனது. மாற்றினார்... மறுபடியும் ஆனது.

அப்போதுதான் வாடை வந்தது. எரிந்த டயர்... ஈரத் தார். கூடவே ஒரு சத்தம். கீச்... கீச்... கண்ணாடியைத் துணியால் துடைக்கிற சத்தம்.

நிறுத்தி வைத்திருந்த வீடியோவில், கீழே கிடந்த காவலாளி எழுந்திருந்தான். கார்க் கண்ணாடியைச் சட்டைக் கையால் தேய்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, ஆத்திரமாக. தேய்க்கத் தேய்க்க முதலாளி மகனின் மூக்கு தெரிந்தது... வாய்... கண்.

அக்காவுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்தியது.

“நல்லாத் துடைங்கண்ணே,” என்றாள்.

முகம் தெளிவு, ஓட்டியவன் இன்னான் என்று தட்டி, கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் திரும்பினாள்.

“என்னத்த அனுப்பின?” மேனேஜர் கத்தினார். “ஏன் அப்படிப் பாக்கற? என் மூஞ்சில என்ன இருக்கு?”

அவர் குரல்தான், அவர் சட்டைதான். முகமும் இருந்தது. ஆனால் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிடிபடவில்லை... கலங்கிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் அவர் மனைவி வந்தாள். வாசலில் நின்ற அவரையே பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டாள். பிறகு மரியாதையாகக் கேட்டாள்.

“சார்... எங்க வீட்டுக்காரர் உள்ள இருக்காருங்களா?”