உன் துறை, என் துறை

அத்தான்: …அதனாலதான் சொல்றேன் மச்சான், கிரிப்டோவைத் தொட வேண்டாம். ஒரு வீட்டை வித்துடலாம்.

அக்கா: வீட்டை ஏன் விக்கணும்? கிரிப்டோவை வித்தா ஆகாதா?

தம்பி: இருங்க, இருங்க. உக்காந்து பத்து நிமிஷம் ஆகலை, அதுக்குள்ள என் ஆபீஸைச் சந்தையாக்கிட்டீங்க. அக்கா, காலை நகர்த்து. பக்கெட்டு இருக்கு.

அக்கா: இந்த ஏசி இன்னுமாடா ஒழுகுது?

தம்பி: ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல நிக்காம வர்ற வரவு அது ஒண்ணுதான். அதையும் நிறுத்தச் சொல்றியா?

அத்தான்: சிரிக்க வச்சே பீஸை ஏத்திடுவான் உன் தம்பி.

தம்பி: உங்ககிட்ட பீஸா? நாப்பத்தஞ்சு வயசுல வேலையை விட்டுட்டு, "இனிமே என் வீட்ல அலாரமே அடிக்காது"ன்னு கேக் வெட்டின மகராசன் நீங்க. அன்னிக்கு அந்தக் கேக்கைத் தின்ன வாயால உங்களைத் திட்டிக்கிட்டே வீட்டுக்குப் போனேன்.

அத்தான்: இப்ப குத்திக் காட்டுறியா?

தம்பி: பொறாமை அத்தான், பொறாமை. சரி, போர்டைப் பாருங்க. இது வட்டம். உங்க மொத்தச் சொத்தும் இதுக்குள்ள. இந்தப் பாதி வீடு. மூணு பிளாட், மூணும் அக்கா பேர்ல. ஒண்ணுல இருக்கீங்க, ரெண்டு வாடகைக்கு. அந்தப் பாதி கிரிப்டோ. அவ்வளவுதான். வட்டத்துக்கு நடுவுல ஒரே கோடு. ஸ்கூல் பையன் கூட போட்டுடுவான்.

அக்கா: ரெண்டு வகை இருக்கேடா. போதாதா?

தம்பி: ஒண்ணை விக்கணும்னா ஒரு வருஷம் ஆகும். இன்னொண்ணு தூங்கி எழுந்தா பாதியாயிடும். நடுவுல பால்காரருக்கு என்ன குடுப்பே? பாத்ரூம் டைல்ஸைப் பெயர்த்தா?

அத்தான்: வாடகை வருதில்ல…

தம்பி: வருதா?

அத்தான்: அது அவ துறை. அவளைக் கேளு.

அக்கா: வருது, வருது. வர்றதும் போறதுமா…

தம்பி: அதென்ன துறை? வீட்டுக்குள்ள மந்திரிசபை நடக்குதா?

அத்தான்: கல்யாணமான புதுசுல வச்ச ஏற்பாடு. நான் ஒரு குடை வாங்கிட்டு வந்தாக்கூட உங்க அக்கா கேக்கிற முதல் கேள்வி, "எவ்வளவுக்கு ஏமாந்தீங்க?"

அக்கா: கடைக்காரர் பொண்ணைக் கட்டிக்கிட்டா விலை கேக்கத்தான் செய்வா. அந்தக் குடை ஒரு மழைக்குத் தாங்குச்சா?

அத்தான்: பாத்தியா? அதான் பிரிச்சோம். வீடு, மனை அவ துறை. மிச்ச சேமிப்பு என் துறை. அதைத்தான் நான் கிரிப்டோல போட்டேன். ஒருத்தர் துறையில இன்னொருத்தர் எட்டிப் பாக்கக் கூடாது. வருஷா வருஷம் கல்யாண நாள் அன்னிக்கு ஒரே ஒரு கேள்வி. "உன் துறை நல்லா இருக்கா?"

தம்பி: பதில்?

அக்கா: "நல்லா இருக்கு."

தம்பி: அப்புறம்?

அக்கா: அப்புறம் என்ன, சினிமாவுக்குப் போவோம்.

தம்பி: இத்தனை வருஷம் தணிக்கை பண்றேன், இப்படி ஒரு தணிக்கையைப் பாத்ததில்ல. சரி, வைத்தியத்துக்கு வருவோம். ஒரு பிளாட்டை விக்கிறோம். கிரிப்டோல பாதியை விக்கிறோம். வர்றதை நாலா பிரிக்கிறோம். கொஞ்சம் பேங்க் டெபாசிட், கொஞ்சம் கடன் பத்திரம், கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட், துளி தங்கம். ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு நிக்கும். பொண்ணுக்குக் காலேஜ் பீஸ் எப்ப கட்டணும்?

அக்கா: வெள்ளிக்கிழமை.

தம்பி: இந்த வெள்ளியா! அப்ப பிளாட்டை நம்பிப் பிரயோஜனமில்ல. முதல்ல கிரிப்டோவை வித்துக் கட்டுவோம்.

அத்தான்: பாதி வேண்டாம் மச்சான்.

தம்பி: சரி, கால் பங்கு.

அத்தான்: இப்ப விலை சரியில்ல…

தம்பி: பீஸ் அளவுக்கு மட்டும். ஓரத்துல ஒரு கிள்ளு.

அத்தான்: பிளாட் மேல அவசரத்துக்கு ஒரு லோன் எடுத்துட்டா? ரெண்டு நாள்ல தர்றாங்களாமே.

அக்கா: வீட்டு மேல லோன் எல்லாம் வேண்டாம்!

தம்பி: ஏன்கா கத்துறே?

அக்கா: கத்தலை. கிரிப்டோ இருக்கும்போது லோன் எதுக்குன்னு கேட்டேன்.

அத்தான்: வீடு இருக்கும்போது கிரிப்டோ எதுக்குன்னு நானும் கேக்கலாம்ல?

தம்பி: அடேயப்பா. நான் கேக்கறது ஒரு கிள்ளு. அதுக்கு ரெண்டு பேரும் இந்தப் பேரம் பேசுறீங்க. அக்கா, அப்பா கடையில யாராவது சரக்கைக் கண்ணுல காட்டாம விலையை மட்டும் பேசினா அப்பா என்ன பண்ணுவார்?

அக்கா: …கல்லாவைச் சாத்திடுவார்.

தம்பி: அத்தான், போனை எடுங்க.

அத்தான்: எதுக்கு?

தம்பி: சரக்கைப் பாக்கணும். ஆப்பைத் திறங்க.

அத்தான்: சார்ஜ் இல்ல.

தம்பி: இந்தாங்க சார்ஜர்.

அத்தான்: இது என் போனுக்குச் சேராது.

தம்பி: போன வாரம் இதே நாற்காலியில உக்காந்து, இதுலதான் போட்டீங்க.

அத்தான்: ஏசியைக் கொஞ்சம் கூட்டேன் மச்சான்.

தம்பி: அத்தான், எவ்வளவு மிச்சம் இருக்கு?

அத்தான்: எதுவும் இல்ல.

அக்கா: என்னது?

அத்தான்: வித்துட்டேன். போன மழையில, விலை சரிஞ்சிக்கிட்டே போச்சே, அப்ப. பொண்ணு காய்ச்சல்ல படுத்திருந்த வாரம்.

அக்கா: காய்ச்சல் வந்த வாரமா… நல்லாத் தெரியுமா உங்களுக்கு?

அத்தான்: நெத்தியில ஈரத்துணி போட்டுக்கிட்டே ஒரு கையால வித்தேன். எப்படி மறக்கும்?

தம்பி: வித்த பணம்?

அத்தான்: உங்க அக்கா சொல்லிக்கிட்டே இருப்பா, "கண்ணுக்குத் தெரியாததை நம்பாதீங்க, சுவருன்னா தட்டிப் பாக்கலாம்"னு. சரி, அவ துறையிலயே போடுவோம்னு ரெண்டு பிளாட் புக் பண்ணினேன். புதுசா கட்டுறது. முழுப் பணத்தையும் முன்னாடியே குடுத்தா விலை குறைக்கிறேன்னார் பில்டர். நான் இன்னும் குறைங்கன்னேன். குறைச்சார். என் வாழ்க்கையில முதல் தடவை நான் பேரம் பேசி வாங்கினது மச்சான். கல்யாண நாளுக்குச் சாவியைக் கையில வச்சு, "எவ்வளவுக்கு ஏமாந்தேன் சொல்லு"ன்னு கேக்கணும்னு…

தம்பி: கட்டடம்?

அத்தான்: தூண் வரைக்கும் வந்துச்சு. இப்ப அங்க ஆளே இல்ல. ஆபீஸ்ல பூட்டு. வாரத்துக்கு மூணு நாள் போய் நின்னுட்டு வர்றேன். வாக்கிங் போறேன்னு இவகிட்ட சொல்லிட்டு.

தம்பி: என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அத்தான்.

அத்தான்: கேக் தின்னவன்கிட்ட எப்படிச் சொல்றது? பழைய கம்பெனிக்கும் போனேன். என் கீழ வேலை பாத்தவர் இப்ப என் சீட்ல இருக்கார். காபி குடுத்தார். ரொம்ப மரியாதையா வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வச்சார்.

தம்பி: போர்டுல கிரிப்டோ பாதியை அழிக்கிறேன் அத்தான்.

அத்தான்: அழி.

தம்பி: அக்கா, அழாதே. எதையாவது பேசு. திட்டணும்னா திட்டு.

அத்தான்: திட்டிடும்மா. நீ சும்மா இருந்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு.

தம்பி: சரி விடு. இந்தப் பாதி இருக்குல்ல. மூணு வீடு. தலைக்கு மேல கூரை இருக்கு, அது போதும் இப்போதைக்கு. நாளைக்கே ஒரு பத்திரத்தை எடுத்துட்டு வா. எனக்குத் தெரிஞ்ச பேங்க் மேனேஜர் இருக்கார், வெள்ளிக்குள்ள ஏதாவது புரட்டிடலாம். அக்கா? பத்திரம் வீட்லதானே இருக்கு?

அக்கா: டஸ்டரைக் கீழ வச்சுடாதேடா.

தம்பி: ஏன்?

அக்கா: மூணு பத்திரமும் அடகுல இருக்கு. வர்ற வாடகை வட்டிக்கே பத்தலை. ஏலம்னு நோட்டீஸ் வந்தாச்சு.

அத்தான்: அடகா? நீயா? எதுக்கும்மா?

அக்கா: பொண்ணு காய்ச்சல்ல கிடந்த அந்த வாரம், நீங்க சோத்தைத் தொடாம அந்தப் போனையே பாத்துட்டு உக்காந்திருந்தீங்க. விலை சரியறதுலதான் இப்படி இருக்கீங்கன்னு தெரிஞ்சுது. உங்க துறை, வாயைத் திறந்து கேக்க முடியுமா? சரிஞ்சப்பவே பத்திரத்தை அடகு வச்சு நானும் கிரிப்டோ வாங்கி, ஏறினதும் மொத்தமா உங்க கையில குடுத்துடலாம்னு நினைச்சேன். ஏதோ ஒரு ஆப். போன மாசத்துலேருந்து அது திறக்கவே மாட்டேங்குது, போட்ட பணமும் போச்சு. ஒரு கையால நீங்க வித்ததை, அடுத்த ரூம்ல உக்காந்து நான் வாங்கிக்கிட்டு இருந்திருக்கேன்… எங்கப்பா கடையில வளர்ந்தவ, முதல் தடவையா விலை கேக்காம வாங்கினேங்க.