வளைகாப்புக்குப் பின் ஹம்சாவுக்கு மறுக்கப்பட்ட மாத்திரை

எனது பெயர் ரஷ்மி, வயது 19, தகப்பனார் பெயர் கணேஷ்குமார். ஹைதராபாத் காஞ்சன்பாக் ஊழியர் குடியிருப்பில் பெற்றோருடன் வசித்துக் கல்லூரியில் படித்து வருகிறேன். ஹம்சா என் கூடப்பிறந்த அக்கா. அவள் போதை மாத்திரை போட்டு வயிற்றிலிருந்த குழந்தையைக் கொன்றதாக அவள் கணவர் தினேஷ் கொடுத்த புகாரைப் படித்துக் காட்டி விசாரிக்க, நான் தமிழில் சொல்வதாவது:

ஸ்கூட்டர் விபத்துக்குப் பின் வலி மாத்திரைக்கு அடிமையான அக்கா, கர்ப்பம் தெரிந்ததும் லோத்குண்டாவில் தன் வீட்டருகே இருந்த சிகிச்சை மையத்தில் சேர்ந்து, தினமும் நர்ஸ் ஆக்னஸ் முன்னிலையில் வலி மாத்திரைக்கு மாற்றாக அங்கே தரும் ஒரு மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக் கரைத்து வந்தாள். அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். திடீரென நிறுத்தினால் குழந்தைக்கு ஆபத்து என்று ஆக்னஸ் சொன்னது தினேஷ் அத்தானுக்கும் தெரியும்.

அதன் பிறகு ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்தி அக்காவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். நான் ரீல் எடுத்துப் போட்டேன். மறுநாள் மையத்துக்குக் கிளம்பியவளை எங்கள் அம்மா லலிதா, "வளையல் போட்டுக் கூட்டிட்டு வந்தாச்சு. இனி புள்ளையோடதான் அந்தப் பக்கம் போகணும். இப்ப நக்கோ, போக வேணாம்" என்று தடுத்தார். அம்மாவுக்கு மாத்திரை விஷயம் தெரியாது. அக்கா சொல்லவிடவில்லை.

லோத்குண்டா ஊரின் மறுகோடியில் இருப்பதால், அதன் பிறகு கோயிலுக்கென்று சொல்லி நாங்கள் இருவரும் எங்கள் பகுதி மையத்துக்குப் போனோம். கர்ப்பிணிகளுக்கு இங்கே தருவதில்லை, பிரசவ மருத்துவரின் கடிதம் வேண்டும் என்றார்கள். பிரசவ மருத்துவர், முதலில் பழக்கத்தை விட்டுவிட்டு வா என்றார். அதன் பிறகு நான் அத்தானுக்குப் போன் செய்து, வந்து அழைத்துப் போகச் சொன்னேன். "கைக்கு? எதுக்கு இப்படிக் கத்துற? உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும். ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு அக்காவுக்கு வியர்வையும் வாந்தியும் நடுக்கமும் வந்து, கை வளையல்கள் ஓயாமல் சத்தமிட்டன. சமையலறையிலிருந்து அம்மா, "வளையல் சத்தம் கேட்டு உள்ள முழிச்சுக்குவான் பாரு" என்று சிரித்தார். அதன் பிறகு வலி கண்டு, இரத்தம் போய், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வளையல்களைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். ஆண் குழந்தை. அழவில்லை. அப்போதும் ரீலுக்கு வாழ்த்து வந்துகொண்டிருந்தது. நீக்கிவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கு வந்தது முதல் அக்கா வேறு எந்த மாத்திரையும் போடவில்லை. நான் அவளை விட்டு நகரவில்லை.

இன்று காலை அக்காவை எங்கள் பகுதியின் அதே மையத்துக்கு மறுபடி அழைத்துப் போனேன். இப்போது கர்ப்பம் இல்லையே, தரலாம் என்றார்கள். அக்கா வாயைத் திறந்து நாக்கை உயர்த்தினாள்.

நான் கண்டதும் கேட்டதும் இவ்வளவே. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) க. ரஷ்மி