உள்ளங்கால் வழியாக ஏறுகிறவள்

சீவலப்பேரிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் ஆஸ்பத்திரி மருந்துப் பை.

“மதினி, இன்னைக்கு நான் காட்டேரியக் கண்ணால பாத்தேன்.”

நான் செல்போனை அணைத்துவிட்டேன்.

“எங்கன வச்சுட்டி பாத்த?”

“ஆஸ்பத்திரியில. எம்மவ ரத்தமே இல்லாம வெளிறிக் கெடந்தால்லா, வயித்துக்குள்ள குழாய் விட்டு டிவில காட்டுனாவ. நூல் துண்டு மாதிரி ஒரு புழு. கொடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தத்தக் குடிச்சிக்கிட்டு கெடக்கு.”

“ஆத்தீ! உள்ள எப்படிப் போச்சாம்?”

“வெளிக்குப் போற எடத்து ஈரமண்ணுல கெடக்குமாம். வெறுங்காலோட மிதிச்சா உள்ளங்கால் வழியா ஏறிருமாம்.”

மூத்தவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

“காட்டேரி ஓடைக்கரையிலதான் நிப்பா, கால் வழியாத்தான் ஏறுவான்னு சாமியாடி சொல்லுவாரே. ஊரே அங்கனதானட்டி வெளிக்குப் போச்சு.”

“அதான் மதினி. எடம் தெரிஞ்சிருக்கு, ஏறுத வழி தெரிஞ்சிருக்கு. இம்புட்டூண்டா இருப்பான்னுதான் யாருக்கும் தெரியல.”

“பிள்ள பொழச்சிக்கிடுவால்லா?”

“மாத்திரையிலயே அது செத்து வெளிய வந்துருமாம்.”

“டிவில அதப் பாத்ததும் நீ என்னட்டி செஞ்ச?”

“கும்பிட்டுட்டேன்.”