வேகவில்லை என்று சொல்ல ஒருவர்

தலைமையேற்ற பின்பும் என்னைத் தடுக்காமல் அமர்ந்திருக்கும் அடுமனையாளர் சங்கத் தலைவர் அவர்களே! மாவுக் கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையைப் பிடித்த பெரியவர்களே! பின்வரிசையில் நின்றாலும் என் பக்கம் நிற்கும் தோழர்களே! புதிய சேனலின் மேலாளர் அவர்களே! நிறைவாக, இந்தப் பாராட்டு விழாவின் நாயகியும் என் மனைவியுமானவரே! அனைவருக்கும் என் வணக்கம்.

கேக் போட்டி நிகழ்ச்சி சேனல் மாறிவிட்டது. அடுப்பு மாறியதா? இல்லை. மேசை மாறியதா? இல்லை. தொடக்கத்தில் வரும் அந்த இசையாவது மாறியதா? அதுவும் இல்லை. மாறியவர்கள் மனிதர்கள். தொகுப்பாளரை மாற்றினார்கள். நடுவர் இருவரில் ஒருவரை மாற்றினார்கள். அந்த ஒருவர் நான். இன்னொருவர், இதோ, பூங்கொத்தோடு அமர்ந்திருக்கிறார்.

காரணம் கேட்டேன். மேலாளர் பண்பானவர். நாற்காலி கொடுத்து, தண்ணீர் கொடுத்து, அதன் பிறகுதான் சொன்னார்.

"ஐயா, கேக் சாப்பிடும்போது உங்க முகத்துல சந்தோஷமே தெரிய மாட்டேங்குது."

"வேகலையே தம்பி."

வேகாத கேக்கை விழுங்கியவன் முகத்தில் வேறு என்ன விளங்கும்? கை தட்டாதீர்கள். வழக்கில் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

பழைய தொகுப்பாளர் முன்பு பேருந்து நடத்துநர். ஒருமுறை போட்டிக்கு வந்த ஓர் ஆசிரியை ஏற்றிய மேலடுக்கு கேக் சரிந்தது. இவர் பக்கத்தில் போய், "நேரம் இருக்கும்மா, மெதுவா ஏத்துங்க. வண்டி நிக்கும்" என்றார். வண்டி நின்றது, கேக்கும் நின்றது. புதிய தொகுப்பாளரோ பாய்ந்து வந்து, "நேரம் போச்சு! நேரம் போச்சு!" என்று கத்துகிறார். சுவரில் தொங்குவது அதே கடிகாரம், தோழர்களே!

'பெரியவர் பொறாமையில் பேசுகிறார்' என்று அங்கே ஒருவர் முணுமுணுக்கிறார். ஆம் ஐயா, பொறாமைதான். அதை வைத்துக்கொண்டே மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

நானும் என் மனைவியும் எந்தக் கேக்கிலும் ஒத்துப்போனதில்லை. அவர் வெட்டிப் பார்ப்பார். நான் கவிழ்த்துப் பார்ப்பேன். அவர் மென்மை என்பார். நான் மாவு என்பேன். அவர் நிறம் என்பார். நான் கரி என்பேன். தேநீர் ஆறும்வரை சண்டை. ஆறிய தேநீரைக் குடித்துவிட்டு மறுபடி சண்டை. இருவரும் அடித்துப் போட்டது போக எது மிஞ்சியதோ, அதுவே தீர்ப்பு. தோற்றவர்கள் அழுதார்கள். ஆனால் ஏன் தோற்றோம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

போன வாரம் புதிய சேனலில் முதல் சுற்று படமாக்கப்பட்டது. என் நாற்காலியில் ஒரு நடிகர். நல்ல பிள்ளை. நல்ல பல். வீடு திரும்பிய என் மனைவி, கைப்பையைக்கூட இறக்காமல் சமையலறையில் நின்றார்.

"என்ன ஆச்சு?"

"நல்லா இருக்குன்னேன், அந்தத் தம்பி ஆமாம்மான்னுச்சு. சுமாருன்னேன், அதுக்கும் ஆமாம்மா. கடைசியா ஒரு தையல்காரப் பொண்ணு. அவ எலுமிச்சைக் கேக் நடுவுல ஈரமா இருந்துச்சு. வேகலைன்னேன். ஆமாம்மான்னுட்டான். வெளிய அனுப்பிட்டோம். ஏங்க, நான் சொன்னது சரியா தப்பான்னு எனக்கே தெரியலைங்க."

"கேக் எங்க?"

பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். கவிழ்த்தேன். அடிப்பக்கம் பொன்னிறம். தின்றேன். அந்த ஈரம் மாவின் ஈரமல்ல. வெந்த பிறகு மேலே ஊற்றிய எலுமிச்சைப் பாகின் ஈரம்.

"வெந்திருக்கு" என்றேன். நான் அதிகம் பயன்படுத்தாத சொல் அது.

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இனிமே நான் போகல" என்றார். "போகணும்" என்றேன். "மாட்டேன்" என்றார். போவதா வேண்டாமா என்பதை இந்த மேடையில் சொல்வதாக மேலாளருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நேரம் முடிந்தது என்று எனக்குத் துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. வாசித்தேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மேலாளர் அவர்களே! ஆமாம் என்று சொல்ல உங்களுக்கு ஆள் கிடைக்கும். அழகாகச் சொல்ல ஆள் கிடைக்கும், அழுதுகொண்டே சொல்ல ஆள் கிடைக்கும். இல்லை என்று சொல்ல யார் இருக்கிறார்? வேகாததை வேகவில்லை என்று சொல்ல யார்? வெந்ததை வெந்தது என்று வாதாட யார்? முதலில் அந்தத் தையல்காரப் பெண்ணைத் திரும்ப அழையுங்கள்! அடுத்து, என் மனைவியின் பக்கத்தில் அவரை மறுத்துப் பேசும் ஒருவரை அமர்த்துங்கள்! அது நானாக இருக்க வேண்டும் என்பதில்லை. நானாக இருந்தால் எனக்கு மறுப்பும் இல்லை.

மேலாளர் தலையாட்டுகிறார். அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

என்னம்மா? ஒலிபெருக்கியில் கேட்கும்படியே சொல்.

"போதும், உட்காருங்க. அந்தப் பொண்ணு வந்தாத்தான் நான் வருவேன்னு நானே சொல்லிக்கிறேன். என் பேச்சையும் நீங்களே பேசாதீங்க."

கேட்டீர்களா? நான் இன்னும் கொஞ்சம் பேசலாம் என்பதே என் கருத்து. அவர் இல்லை என்கிறார். எனவே, இவ்வளவு நேரம் பொறுத்த உங்களுக்கு நன்றி கூறி, அவர் சொன்னதற்கு உடன்படாமலேயே அமர்கிறேன். வணக்கம்.