ரவுண்டானாவுக்குக் கேட்ட படகு

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கி, மாலை வெயிலைத் தாங்கி, இன்னும் சற்று நேரத்துக்கு என்னையும் தாங்கப் போகிற துறைமுக அழகுபடுத்தும் குழுவின் தலைவர் அவர்களே! அவருக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் நாற்காலிக்கு உரியவரும், இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு இதுவரை வந்து சேராதவருமாகிய தலைவரின் துணைவியார் அவர்களே! கடலைக் காகிதத்தில் கண்டு, கண்டதும் காதல்கொண்டு, காதல்கொண்ட கையோடு கரையெல்லாம் கல் பதித்துவிட்ட பொறியாளர் பெருமக்களே! படகை விற்ற பிறகும் பழக்க தோஷத்தில் கடலைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே! மீன் கழுவிக் கழுவிக் கைரேகை தேய்ந்த தாய்மார்களே! பின்வரிசையில் நின்றுகொண்டு, "கிழவி எப்ப முடிக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும் செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். எப்ப முடிக்கும் என்றா கேட்டாய்? முடிக்க வேண்டிய நேரத்தில் முடிக்கும், கண்ணு. கொஞ்சம் பொறு.

சுருக்கமாகப் பேசும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். சுருக்கமாகப் பேசுவது ஆறாம் வகுப்புப் பாடமாம். அதற்குள் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து படகுத்துறைக்கு மாற்றிவிட்டார்கள்.

என்ன விழா இது? வழிதவறி வந்து உட்கார்ந்துவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தத் துறையில் முன்பெல்லாம் வாடகைப் படகுகள் வரிசையாக நிற்கும். நகரத்திலிருந்து தொப்பியும் கண்ணாடியுமாக ஆட்கள் வருவார்கள். ஒரு நாளைக்குப் படகைப் பிடித்து, தூண்டில் போட்டு மீன் பிடிக்கக் கடலுக்குப் போவார்கள். இரை கோத்துக் கொடுப்பது நாங்கள், மீன் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போவது நாங்கள், பிடித்ததைக் கழுவி வெட்டிப் பையில் போட்டுக் கொடுப்பதும் நாங்கள். அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஊருக்குத் திரும்பிப்போய்ப் பெருமை பேசுவது. அதை மட்டும் யாருடைய உதவியும் இல்லாமல் செய்துவிடுவார்கள்.

அந்தப் படகுகளில் மிஞ்சியிருப்பது ஒன்று. என் வீட்டுக்காரர் ஓட்டியது. அவருக்குப் பிறகு என் மகள் ஓட்டினாள். இப்போது என் பேத்தி ஓட்டுகிறாள். அந்தப் படகைத்தான் இன்று தூக்கி, புது ரவுண்டானாவின் நடுவில் மேடை கட்டி வைக்கப் போகிறார்கள். சுற்றிலும் பூச்செடியாம், அடியில் நீல விளக்காம். அதோ, கிரேன்கூட வந்து கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. விழாவுக்கு நேரத்துக்கு வந்த ஒரே விருந்தாளி அதுதான்.

சும்மா எடுத்துக்கொள்கிறார்களா? இல்லை! நீதி தவறாத குழு ஐயா இது! தீர்மானம் போட்டிருக்கிறார்கள். இந்தப் பருவத்தில், இன்றைய விழா முடிவதற்குள், ஒரு தடவையாவது ஆளேற்றிக்கொண்டு கடலுக்குப் போயிராத படகு கைவிடப்பட்ட படகாம். கைவிடப்பட்ட படகு குழுவுக்குச் சொந்தமாம். நியாயம்தானே? ஆனால் பருவம் தொடங்கிய அன்றே துறைக்கு வரும் பாதையை வெட்டிப் போட்டார்கள். "உள்ளே நுழையக் கூடாது" என்று பலகை வைத்தார்கள். வைத்துவிட்டு, "ஐயோ, ஒருத்தரும் வரவில்லையே" என்று வருந்தினார்கள். வாசலை அடைத்துவிட்டு விருந்தாளிக்காக ஏங்குகிற இந்த நெஞ்சின் ஈரத்தை நான் எந்தக் கடலில் கண்டேன்?

போன வாரம் பொறியாளர் ஒருவர் படகை அளக்க வந்தார். நல்ல பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார். என் பேத்தியிடம் சொன்னார்:

"அடியில நாலஞ்சு ஓட்டை போடணும்மா."

"ஓட்டையா? எதுக்கு சார்?"

"மழைத்தண்ணி தேங்கக் கூடாதுல்ல? கொசு வரும்."

"ஓட்டை போட்டா முழுகிடுமே சார்?"

"ரவுண்டானாவுல எப்படிம்மா முழுகும்?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தாள், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள், சோற்றைத் தொடவில்லை. "பாட்டி, தண்ணி உள்ள வரக் கூடாதுன்னு வருஷா வருஷம் இடுக்கு இடுக்கா அடைச்சோமே. அது மேலயே துளை போடப் போறாங்களாம்" என்றாள். அவளுக்கு வேறு வேலை கிடைக்காதா? கிடைக்கும். குழுவே கொடுக்கிறதாம்: அந்தப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. எங்களுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவை எவ்வளவு நுட்பமாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

சீட்டு வந்திருக்கிறது. சிறிய எழுத்து. கண்ணாடியைக் கொண்டுவர மறந்துவிட்டேன், தலைவரே. "தொடர்ந்து பேசுங்கள்" என்றுதான் எழுதியிருப்பீர்கள். தொடர்கிறேன்.

சற்று முன் தலைவர் பேசும்போது, "நானும் ஒரு மீன்பிடிப்பாளன்தான்" என்று மார்தட்டினார். என் மெய் சிலிர்த்துவிட்டது. அதைக் கேட்டதும் பழைய சவாரி ஒன்று நினைவுக்கு வந்தது. தலைவருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஏறி வந்தவருக்கு மீன் சிக்காவிட்டால், படகோட்டி தன் தூண்டிலில் சிக்கியதை அவர் கையில் நைசாக மாற்றிக் கொடுத்துவிட்டு, "சார், மாட்டிக்கிச்சு! இழுங்க!" என்று கத்துவார். அவரும் இழுப்பார். கரைக்கு வந்த பிறகு அந்த மீன் அவர் பிடித்த மீன்தான். சிக்கவைத்தவர் யார், இழுத்தவர் யார் என்று எங்களில் யாரும் வாய் திறக்க மாட்டோம். ஒரு மனிதன் ஒரு நாளாவது வீரனாக வீட்டுக்குப் போகட்டுமே என்றுதான்.

ஒருநாள் ஒரு கனவான் வந்தார். பளபளவென்று புதுத் தூண்டில், புதுத் தொப்பி, புது மீசை. துறைமுக வாயைத் தாண்டியதும் தலையை வாளிக்குள் விட்டவர்தான். என் வீட்டுக்காரர் பெரிய வஞ்சிரம் ஒன்றைத் தூண்டிலில் சிக்கவைத்துவிட்டு, "சார், மாட்டிக்கிச்சு!" என்று கத்துகிறார். வாளிக்குள்ளிருந்து பதில் வருகிறது: "என்னைக் கரையில விட்டுடுப்பா... மீனையும் விட்டுடுப்பா..." ஆனால் கரை தெரிந்ததும் கனவான் எழுந்தார், முகம் கழுவினார், மீசையை நீவினார். மீனைத் தூக்கிப் பிடிக்க முடியாததால் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் வாலைத் தாங்கிப் பிடிக்க, படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் இன்றைக்கும் ஓர் அலுவலக அறையில், கண்ணாடிச் சட்டத்துக்குள், நாற்காலிக்கு நேர் மேலே தொங்குகிறது. உற்றுப் பார்த்தால் வாலுக்குப் பின்னால் என் வீட்டுக்காரரின் இரண்டு விரல் தெரியும்.

யார் அந்தக் கனவான் என்றா கேட்கிறீர்கள்? சொல்ல மாட்டேன். எங்கள் தொழிலின் மானம் அது. அட, எல்லோரும் ஏன் தலைவரையே பார்க்கிறீர்கள்? கழுத்து சுளுக்கிக்கொள்ளும். அவருக்குத் தண்ணீர் கொடுங்கள், பாவம் வியர்க்கிறது.

பெரியோர்களே! தாய்மார்களே! எது படகு? அலையில் ஆடாதது படகா? ஆளை ஏற்றாதது படகா? கயிற்றை அவிழ்க்க வழியில்லாமல், காற்றுக்குத் திரும்ப முடியாமல், கார்களுக்கு நடுவே கால் வலிக்க நிற்பது படகா? பூவுக்கு நடுவில் படுக்கவைத்து, விளக்கேற்றி, நாலு பேர் வந்து நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவதை நாம் வேறு எதற்குச் செய்வோம்? உயிரோடிருக்கிற ஒன்றுக்கா அதைச் செய்வோம்? மூச்சிருக்கிற நெஞ்சிலா மண்ணைப் போடுவோம்? சொல்லுங்கள்!

நன்றி. கைதட்டல் போதும், கொஞ்சம் அமைதியாக இருந்தால் ஒரு சத்தம் கேட்கும்.

கேட்கிறதா? இல்லை ஐயா, ஜெனரேட்டர் இல்லை. எங்கள் இஞ்சின் சத்தம் எனக்குத் தெரியாதா? எல்லோரும் திரும்பிப் பாருங்கள்.

துறைமுக வாயில் ஒரு மணல் திட்டு இருப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் ஏறினால்தான் படகு அதைத் தாண்டும். கடலுக்குத் தீர்மானம் போடத் தெரியாது, அது ஏறுகிறபோதுதான் ஏறும். அதுவரை விழா முடியக் கூடாதே! வேறு எதற்காக இந்தக் கிழவி இவ்வளவு நேரம் உங்கள் கழுத்தை அறுத்தாள் என்று நினைத்தீர்கள்? என்னிடமிருந்து படகுச் சாவியை வாங்கிக்கொள்ள வெல்வெட் விரித்த தட்டெல்லாம் வைத்திருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும், சாவி இப்போது வேலையாக இருக்கிறது.

பார்த்தீர்களா? சுக்கானில் நிற்பது என் பேத்தி. முன்னால் மஞ்சள் மிதவைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பது சவாரிக்காரர். இந்தப் பருவத்தின் முதல் சவாரி!

தலைவர் எழுந்துவிட்டார். மரியாதை தெரிந்தவர். ஆமாம் தலைவரே, உங்கள் துணைவியார்தான். காலையில் துறைக்கு வந்தார். வழியில் இருந்த பலகையைத் தம் கையாலேயே ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு வந்தார். பேத்தியிடம் கேட்டார்:

"எங்க வீட்டுக்காரர் பிடிச்ச மாதிரி ஒரு மீன் நான் பிடிக்கணும். சாயங்காலம் கூட்டிட்டுப் போறியா?"

"போலாம்க்கா. விழா இருக்கே?"

"அங்க அவர் பேச்சுதான். நான் தினமும் கேக்கிறதுதான். ஆனா ஒண்ணு, நீ தூண்டில்ல கைவைக்கக் கூடாது. அவர் மாதிரி நானே தனியா இழுக்கணும்."

பேத்தி என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். "அப்படியே ஆகட்டும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

படகு திட்டுக்கு மேலே வந்துவிட்டது... கொஞ்சம் இருங்கள்... தாண்டிவிட்டாள்! தாண்டிவிட்டாள் என் பேத்தி! தட்டுங்கள், இப்போது தட்டுங்கள்! கிரேன்காரத் தம்பி, நீயும் தட்டலாம், உன் வேலை முடிந்தது.

அடுத்த பருவத்துக்கு வேறு தீர்மானம் போடுவீர்கள், தெரியும். நானும் வேறு பேச்சு வைத்திருக்கிறேன், அது இதைவிட நீளம். தலைவர் அவர்களே, பொழுது சாய்வதற்குள் அம்மா பத்திரமாக வந்துவிடுவார். தோள் வலிக்கும், உள்ளங்கை எரியும். தனியாக மீன் இழுப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு வருவார். அதற்குப் பிறகு வீட்டில் உங்களை ஏதாவது கேட்டால், உங்கள் பாடு. எங்கள் பக்கமிருந்து ஒரு வார்த்தை வராது.

இவ்வளவு நேரம் பொறுத்த காதுகளுக்கும், சொன்ன சொல் தவறாமல் ஏறி வந்த தண்ணீருக்கும் என் நன்றி. நான் துறைக்குப் போகிறேன். படகு திரும்பும்போது கயிறு பிடிக்க ஆள் வேண்டும். வணக்கம்.