வீட்டுல சொல்லக்கூடாத வார்த்தை

இல்லக்கா, தப்பா நெனைக்காதீங்க, வெளிய பெஞ்சில இருமிக்கிட்டு இருக்கே, அது உங்க மூத்ததா? அப்பன்னா உள்ள கூட்டிக்கிட்டு வராதீங்க லா. இது ரத்தப் புத்துநோய் புள்ளைங்க வார்டு. மருந்து ஏத்துனா ஒடம்புல எதிர்ப்புச் சக்தியே இருக்காது. நமக்குச் சளி, உங்க மவனுக்கு ஐ.சி.யூ.

நேத்துதான் அட்மிட்டா? அழுவாதீங்க. ரெண்டு வருசம் ஓடணும், இப்பவே அழுது தீத்துட்டா எப்படி? என் மவன் தனேஷுக்கு நாலு வயசுல வந்துச்சு. வீட்டுல நான் ஒரே ரூல்தான் போட்டேன். காய்ச்சல்னு யாரு சொன்னாலும் அன்னைக்கே பந்திங்ல என் நாத்தனார் வீட்டுக்குப் போயிடணும். புருசனா இருந்தாலும் சரி. அவரு ரெண்டு தடவ போனாரு. மூத்தவ அர்ச்சனா, பத்து வயசு, அவ மூணு தடவ. அவ பொறந்த நாளே ஒரு தடவ அங்கதான் போச்சு.

ஐயோ, அழுவாளே! கார்ல ஏறமாட்டேன்னு வாசல் கிரில்லப் புடிச்சிக்குவா. வெரலப் பிரிச்சு ஏத்துவேன். கல்நெஞ்சுக்காரின்னு சொல்லுங்க, பரவால்ல. ரெண்டுல எது சாகக் கெடக்கோ அதத்தானே பாக்க முடியும்?

அதுக்கப்புறம் அவ காய்ச்சலே வராத புள்ளையாயிட்டா. எனக்கும் நிம்மதி. போன ஏப்ரல்ல கண்ணுக்குப் பின்னால வலிக்குதும்மான்னா. ஃபோன நோண்டாதடின்னேன். காலு வலிக்குதுன்னா. தம்பிக்கு நோவுன்னா ஒனக்கும் பங்கு வேணுமான்னு கேட்டேன். வாயே தெறக்கல அப்புறம். தலவாணி உறைக்குள்ள பனடோல் காய்ச்சல் மாத்திரை காலி அட்டை நாலு இருந்துச்சு, பின்னாடிதான் பாத்தேன்.

அஞ்சாம் நாளு வாந்தி. நெத்தியத் தொட்டேன், சில்லுன்னு இருந்துச்சு. அப்பாடா, காய்ச்சல் இல்லன்னு தனேஷுக்குக் கஞ்சி ஊட்டப் போயிட்டேன். மத்தியானம் எழுப்புனேன், எந்திரிக்கல. காய்ச்சல் எறங்குனப்பறம்தான் டெங்கி ஆளக் கொல்லுமாம்க்கா. டாக்டர் சொன்னாரு.

தனேஷா? நல்லாருக்கான். இன்னைக்குச் செக்கப்புக்குத்தான் வந்தோம், ரத்தமெல்லாம் நார்மல்.

அந்த அஞ்சு நாளும் அவன் வெளையாடக் கூப்புட்டுக் கூப்புட்டு அழுதான், அவ அவன் பக்கத்துலயே போகல. பொறாமைன்னு அவளுக்கு ரோத்தான் பெரம்பால ரெண்டு வெச்சேன். டெங்கி ஆளுக்கு ஆளு ஒட்டாதுன்னு அவளுக்குத் தெரியலக்கா.