அரை பர்சென்ட்

பட்டாபிராமில் காலை ஐந்து ஐம்பது லோக்கலைப் பிடித்தால் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிடும் சார். அதற்கடுத்த வண்டி என்றால் தொங்கிக்கொண்டுதான் போக வேண்டும். பதினாலு வருஷத்தில் நான் அந்த ஐந்து ஐம்பதை விட்டது நாலு தடவை. பட்டரைவாக்கத்தில் இறங்கி எஸ்டேட்டுக்குள் பத்து நிமிஷம் நடந்தால் ஆறரைக்கு டேங்க் பக்கத்தில் நிற்பேன். என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், வேலையில் அசட்டை என்று மட்டும் எழுத முடியாது.

என் பெயர் கஜபதி. டிராக்டருக்குப் பல்சக்கரம் செய்கிற ஃபேக்டரி எங்களுடையது. செய்த சக்கரத்தை ஃபர்னஸில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெய்த் தொட்டியில் முக்கி எடுத்தால்தான் இரும்பு கெட்டிப்படும். ஃபர்னஸ் எரிவது கேஸில். அந்த கேஸ், காம்பவுண்டு ஓரத்தில் வேலி போட்ட இடத்தில், பத்து டன் டேங்கில் இருக்கும். நீளமாகப் படுத்துக் கிடப்பதால் அதை புல்லட் என்போம். தினமும் காலையில் அதில் எத்தனை பர்சென்ட் இருக்கிறது என்று பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை.

சும்மா முள்ளைப் பார்த்து எழுதுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். டேங்கின் ஒரு முனையில் கேஜ், அதாவது வட்டமான தட்டும் கைப்பிடியும் இருக்கும். உள்ளே வளைந்த குழாய். வெளியே ஊசித் துவாரம். துவாரத்தைத் திறந்து கைப்பிடியை மெதுவாகத் திருப்ப வேண்டும். குழாய் மேலே இருக்கும்வரை வெறும் ஆவி உஸ்ஸென்று வரும். திரவத்தைத் தொட்ட கணத்தில் வெள்ளையாகப் புகை துப்பும். அந்த இடத்தில் தட்டில் என்ன எண்ணோ, அதுதான் அளவு. மற்றவர்கள் திருப்பினால் இரண்டு பர்சென்ட் முன்னே பின்னே ஆகும். என் கைக்கு அரை பர்சென்ட் தெரியும்.

அந்த அரை பர்சென்ட்டில்தான் வந்தது எல்லாம்.

எண்பத்தெட்டில், தீபாவளி லீவு முடிந்து வந்த அன்று நல்ல மழை. மூன்று நாளாக ஃபர்னஸ் எரியவில்லை, ஆனால் கேஜ் அரை பர்சென்ட் குறைவாகக் காட்டியது. அரை பர்சென்ட் என்றால் ஐம்பது கிலோ. எங்கோ ஒழுகுகிறது என்று மேனேஜர் ராஜசேகரனிடம் சொன்னேன். அவர் பயந்துபோய் ஃபர்னஸ் இருக்கிற ஷாப்பை நிறுத்தினார். கேஸ் கம்பெனி ஆட்கள் வந்து குழாயில் ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தார்கள். ஒரு குமிழ் கூட வரவில்லை. அரை நாள் வேலை போயிற்று.

ஃபர்னஸ் ஷாப் ஃபோர்மேன் லட்சுமணன் அப்போது எல்லோர் முன்னாலும் என் தோளில் கை போட்டார். "மழைக்கு சுருங்கிக்கீது நைனா. வெயில் ஏறட்டும், தானா மேல வரும் பாரு," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். கேஸ் கம்பெனி ஆட்களும் சிரித்தார்கள். கூட்டுகிற பொன்னியம்மாவுக்குப் பர்சென்ட் என்றால் என்னவென்றே தெரியாது, அவளும் சிரித்தாள். மறுநாள் வெயில் அடித்தது. கேஜ் அரை பர்சென்ட் ஏறித்தான் காட்டியது. அது வேறு விஷயம்.

அன்றிலிருந்து எனக்கு அரை பர்சென்ட் என்று பெயர். கேட்டில் நுழைந்தால், "இன்னா அரை பர்சென்ட்டு, இன்னிக்கி எவ்ளோ காணாப்பூட்ச்சி?" என்பார் லட்சுமணன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் சுபாவம் அப்படி. என் மகள் காதுகுத்துக்கு வந்து நாள் முழுக்கப் பந்தி பரிமாறிய மனுஷன் அவர். ஆனால் பதினோரு மாசம், ஒரு நாள் விடாமல். ஃபர்னஸ் ஓட்டுகிற சின்னப்பையன், அவன் பெயரே அதுதான், டீயை அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்து, இதுதானே உங்கள் அளவு என்பான். ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் யாரோ ஒருத்தி என் மனைவி வரலட்சுமியை அரை பர்சென்ட் சம்சாரம் என்று கூப்பிட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லும்போது அவள் உதட்டோரமும் லேசாகச் சிரித்தது. அன்று நான் சாப்பிடவில்லை.

கேன்டீனில் டீ போடுகிற ஜமீலா மட்டும் என்னைக் கஜபதி அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அதை நான் மறக்கவில்லை.

எண்பத்தொன்பது ஆயுத பூஜைக்கு வருகிறேன். பூஜை திங்கட்கிழமை. சனி சாயந்திரமே ஃபர்னஸை அணைத்து, காற்றாடிகளை நிறுத்தி, ஷாப்பைப் பெயின்ட்டர் துலுக்கானத்திடம் ஒப்படைத்தார்கள். ஞாயிறு முழுக்க அவன் மெஷின்களுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தான். புல்லட்டின் பெரிய வால்வை அடைக்க வேண்டாம் என்று லட்சுமணன் சொல்லியிருந்தார். அடைத்தால் திரும்ப லைனில் காற்றெடுத்து ஃபர்னஸ் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். எப்போதும் அப்படித்தான், அதில் தப்பில்லை.

திங்கள் காலை ஆறரைக்குக் கைப்பிடியைத் திருப்பினேன். சனிக்கிழமை அறுபத்திரண்டு இருந்தது. இப்போது அறுபத்தொன்றில் வெள்ளை துப்பியது. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் அறுபத்தொன்று. மழை இல்லை. இரண்டு நாளும் ஒரே மாதிரி வெயில். ஃபர்னஸ் எரியவில்லை. நூறு கிலோ கேஸ் எங்கோ போயிருக்கிறது.

எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். புல்லட்டிலிருந்து வருகிற குழாய், இரும்புத் தகடு மூடிய கால்வாய்க்குள் ஷாப் வரை போகிறது. கால்வாய் முடிகிற இடம் எண்ணெய்த் தொட்டி இருக்கிற பள்ளம். ஆறடி ஆழம், இறங்க எட்டுப் படி. கேஸ் காற்றை விடக் கனம். தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடிப் போய்த் தேங்கும். காற்றாடி ஓடினால் இழுத்துக்கொண்டு போய்விடும், அன்று ஓடவில்லை.

ஏழு மணிக்கு அங்கே போய்க் குனிந்து முகர்ந்து பார்த்தேன். ஷாப் முழுக்கப் புதுப் பெயின்ட் வாசனை. அதற்கடியில், அழுகின முட்டைக்கோஸ் மாதிரி அந்த இன்னொரு வாசனை. தெரிந்தவனுக்குத்தான் தெரியும். பள்ளத்தைச் சுற்றிப் பொன்னியம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மிதிக்காமல் தாண்டிப் போங்கள் என்றாள். தாண்டி வந்தேன்.

பிறகு புல்லட்டுக்குப் போய்ப் பெரிய வால்வை அடைத்தேன். கம்பெனி கேஸ் வீணாகக் கூடாது என்பதற்காக. ரிஜிஸ்டரில் அறுபத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினாலு வருஷத்தில் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான்.

எங்கள் ஷாப்பில் பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லா மெஷினுக்கும் கற்பூரம் காட்டிவிட்டு, கடைசியாக எண்ணெய்த் தொட்டிக்கு. இரும்புக்கு உரம் கொடுப்பது அதுதான் என்று அதற்குத் தனி மரியாதை. ஃபோர்மேனே தட்டோடு படியிறங்கிப் போய்க் காட்டுவார். மற்றவர்கள் பள்ளத்தின் விளிம்பில் நெருக்கியடித்துக்கொண்டு நின்று கும்பிடுவார்கள். பதினாலு வருஷமும் நானும் அந்த விளிம்பில் நின்றிருக்கிறேன்.

பத்து மணிக்கு எல்லோரும் புதுச் சட்டையில் வந்துவிட்டார்கள். சின்னப்பையன் மனைவியையும் கூட்டி வந்திருந்தான், அவளுக்கு ஃபர்னஸைக் காட்ட வேண்டுமாம். ஜமீலா பொரி கடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். வெற்றிலை போதாது, ஸ்டேஷன் கடை வரை போய் வாங்கி வா என்று நான் அவளை அனுப்பினேன். வெற்றிலை நிறைய இருந்தது. எனக்கு வயிறு சரியில்லை என்று லட்சுமணனிடம் சொன்னேன். அவர் தட்டில் கற்பூரத்தை அடுக்கிக்கொண்டே, "வவுறும் அரை பர்சென்ட் கொறஞ்சிட்ச்சா?" என்றார். விளிம்பில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் ஷாப் வாசலுக்கு எதிரே இருக்கிற டைம் ஆபீஸ் பக்கம் நடந்தேன்.

பத்து நாற்பத்திரண்டுக்கு அது நடந்தது. சத்தம் நான் எதிர்பார்த்த அளவு இல்லை. பெரிய கதவை அறைந்து சாத்தியது போல ஒன்று, அவ்வளவுதான். லட்சுமணன் அங்கேயே போனார். பொன்னியம்மா சாயந்திரம். சின்னப்பையனின் மனைவி மூன்று நாள் இருந்தாள். அவள் பெயர் சுசீலா என்று பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவள் சிரித்தவர்களில் இல்லை. அவளை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. ஒன்பது பேருக்குத் தீக்காயம். நான்தான் முதலில் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடினேன், கேட்டுப் பாருங்கள்.

விசாரணை நடந்தது. என் ரிஜிஸ்டரைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். இவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்ட ரிஜிஸ்டரைப் பார்த்ததில்லை என்று ஒரு அதிகாரி சொன்னார். சனி அறுபத்திரண்டு, திங்கள் அறுபத்திரண்டு. ஆகவே கேஸ் ஒழுகவில்லை, பெயின்ட்டில் கலக்கிற தின்னர்தான் காரணம் என்று ரிப்போர்ட் எழுதி, பழியைத் துலுக்கானம் தலையில் கட்டிவிட்டார்கள். அவனைப் பிடித்து உள்ளே வைத்து நாலு மாசம் ஆகிறது. அவன் பெண்டாட்டி கேட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவர்களை எல்லாம் கும்பிடுகிறாள்.

போன வாரம் ஜமீலா என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள். "அண்ணே, என்னிய மட்டும் எதுக்கு வெளிய அனுப்பிச்சே?"

வெற்றிலைக்கு என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டாள். அண்ணே என்று இனி கூப்பிட மாட்டாள். அது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அவளுக்குப் பயந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று நினைக்காதீர்கள். துலுக்கானத்துக்காக வந்தேன் என்று சொன்னால் உங்களுக்கும் நன்றாக இருக்கும், எனக்கும் நன்றாக இருக்கும். பாதி உண்மையும் கூட. மீதி என்னவென்றால், கேஸ் குறையவில்லை என்று அந்த ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கிறது. அதை என்னால் தாங்க முடியவில்லை. குறைந்தது சார். ஒரு பர்சென்ட் குறைந்தது. நான் பார்த்தேன்.

கொல்ல வேண்டும் என்று இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. கடைசி நிமிஷம் வரை என் நாக்கு நுனியில் இருந்தது. கற்பூரம் ஏற்றாதீர்கள் என்று ஒரு வார்த்தை. டைம் ஆபீஸிலிருந்து கத்தினாலே கேட்டிருக்கும். லட்சுமணன் முதல் படியில் கால் வைத்ததைப் பார்த்தேன். அப்போதும் நேரம் இருந்தது. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் சொல்லியிருந்தால் அவர் ஏற்றியிருக்க மாட்டார். ஏற்றாவிட்டால் ஒன்றும் நடந்திருக்காது. மத்தியானம் காற்றாடியைப் போட்டிருப்பார்கள், இருந்ததெல்லாம் போயிருக்கும். கேஸ் கம்பெனி ஆட்கள் மறுபடியும் சோப்புத் தண்ணீரோடு வந்திருப்பார்கள்.

எல்லோரும் உயிரோடு நின்று என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் சார்.